வேலை முடிந்த பிறகு டீசல் லாரி ஸ்டார்ட் ஆகவில்லையா?

டீசல் ஃபில்டர் மாற்றியோ, பம்ப்பைக் கழற்றி மாட்டியோ முடித்த பிறகு லாரி அடம்பிடித்தால், முதல் சந்தேகம் லைனில் புகுந்த காற்றின் மேல்தான். காற்று அமுங்கிவிடும், இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, ஹேண்ட் பம்ப்பை அடியுங்கள். நுரை நின்று, குமிழே இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) உயர் அழுத்த பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது. அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். இந்த வகை வண்டியில் ஃபில்டர் வரை காற்றெடுத்தால் போதும்.

செல்ஃப் சுற்றும்போது புகைக்குழாயைப் பாருங்கள். புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. ஸ்டாப் சோலினாய்டு (இன்ஜினை நிறுத்த டீசலை அடைக்கும் மின் வால்வு) வயரை மாட்ட மறப்பது ரொம்பச் சகஜம், அதையும் பார்த்துவிடுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), ஹீட்டர் (ஸ்டார்ட் ஆக இன்ஜினுக்குள் சூடேற்றும் பிளக்) பக்கம் கவனியுங்கள். செல்ஃப் மந்தமாகச் சுற்றினால், எர்த் வயர் முனையைச் சுரண்டி இறுக்குங்கள்.

செல்ஃபை 15 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். இடையே ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். ஹீட்டர் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரே (ஸ்டார்ட் ஆக காற்று வழியில் அடிக்கும், சட்டெனத் தீப்பிடிக்கும் திரவம்) வேண்டவே வேண்டாம், உள்ளேயே வெடித்துவிடும்.