கனடாவில் நாடகம் பார்க்கப் போகிறீர்களா? முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள்

கைதட்டல் ஓய்ந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு சப்வேக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இன்னும் பத்து நிமிடம் இருந்தால் போதும், நடிகர்கள் வேஷம் கலைத்துவிட்டு வந்து, மேடை விளிம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நம்மோடு பேசத் தொடங்குவார்கள். டாக்பேக் என்று சொல்லும் இந்தப் பேச்சு பெரும்பாலும் இலவசம், டிக்கெட் வாங்கிய எவரும் இருக்கலாம். எல்லா நாளும் நடக்காது என்பதால்தான் கொஞ்சம் திட்டமிட வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ரொறன்ரோவை வைத்து எழுதுகிறேன், மற்ற நகரங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இங்குள்ள முக்கியமான நாடகங்களில் கணிசமானவை பேச்சிலிருந்தே பிறந்தவை. 1972 இல் தியேட்டர் பாஸ் முரை குழுவினர் ஒன்ராறியோவின் கிளின்டன் பக்கம் போய்த் தங்கி, விவசாயிகளோடு பேசி, அந்தப் பேச்சையே நாடகமாக்கி, அதே விவசாயிகள் முன்னால் ஒரு களஞ்சியக் கொட்டகையில் நடித்துக் காட்டினார்கள். 'தி ஃபார்ம் ஷோ' என்ற அந்த நாடகத்தின் தாக்கம் இன்றுவரை ஓயவில்லை. மொன்றியலில் போர்ட் பரோல் என்ற குழு இதே வழியில் இன்னும் தூரம் போயிருக்கிறது. சஸ்காச்சுவன் விவசாயி பெர்சி ஷ்மைசருக்கும் மொன்சான்டோ நிறுவனத்துக்கும் நடந்து, 2004 இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று மொன்சான்டோ பக்கம் தீர்ந்த விதைக் காப்புரிமை வழக்கை அனாபெல் சூட்டார் 'சீட்ஸ்' என்ற நாடகமாக்கினார். கிறிஸ்டின் போலியூ என்ற நடிகை கியூபெக்கின் மின்சார நிறுவனம் ஏன் இன்னும் அணைகள் கட்டுகிறது என்று கேட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனதே 'ஜெம் ஹைட்ரோ' என்ற நாடகமானது. மின்சார நிறுவனத்தைப் பற்றிய மூன்று மணி நேரத்துக்கும் மேலான அந்த நாடகத்துக்கு மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அதனால் டாக்பேக்கை நாடகத்துக்குப் பிறகு ஒட்டவைத்த உபசாரமாக நினைக்காதீர்கள், நாடகம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போகிறது, அவ்வளவுதான்.

சரி, எந்த நாடகத்துக்குப் போவது? எதைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கிறதோ அதற்குப் போங்கள். கருத்து இருந்தால்தான் கேள்வி வரும். மகாபாரதம் தெரிந்த ஒருவருக்கு வை நாட் தியேட்டர் குழுவின் 'மகாபாரத' போல ஒரு நல்ல வாசல் கிடைப்பது கடினம். ரவி ஜெயினும் மிரியம் பெர்னாண்டஸும் உருவாக்கிய அது 2023 இல் ஒன்ராறியோவின் ஷா நாடக விழாவில் அரங்கேறி, அதே ஆண்டு லண்டனின் பார்பிகன் அரங்குக்குப் போனது. இரண்டு பாகம், நடுவில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் ஒரு வேளை, சாப்பாட்டோடு கதையும் பேச்சும். பேச்சை நாடகத்தின் உள்ளேயே கொண்டுவந்து வைத்த இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

ஈழத்துப் போரைச் சுமந்து வந்தவர்களுக்கு இன்னொரு பெயர் சொல்கிறேன். சுவேந்திரினி லேனா ஒரு நரம்பியல் மருத்துவர், நாடகாசிரியரும்கூட. அவருடைய 'தி என்சான்டட் லூம்' 2016 இல் ரொறன்ரோ ஃபேக்டரி தியேட்டரில் மேடையேறியது. போரில் சித்திரவதைக்கு உள்ளான ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர், அதனால் வந்த வலிப்பு, மூளை அறுவை சிகிச்சை, அந்தக் குடும்பம் இழந்த பிள்ளை. துஷி ஞானப்பிரகாசம் இதைத் தமிழாக்கியிருக்கிறார். இப்போது மேடையில் இல்லாவிட்டாலும் வீட்டில் நான்கைந்து பேர் உட்கார்ந்து பாத்திரம் பிரித்து வாசிக்கலாம், வாசித்துவிட்டுப் பேசலாம், அதுவும் டாக்பேக்தான்.

நாள் தேர்வு முக்கியம். தியேட்டரின் இணையப் பக்கத்தில் நாடகத்தின் நாள்காட்டியைத் திறந்தால் எந்தெந்தக் காட்சிக்குப் பிறகு பேச்சு இருக்கிறது என்று குறித்திருப்பார்கள், குறிக்கவில்லை என்றால் டிக்கெட் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள், நன்றாகவே பதில் சொல்வார்கள். தொடக்க இரவுக்கு ஆசைப்படாதீர்கள், அன்று விருந்தும் வாழ்த்தும்தான் இருக்கும். தொடக்க இரவுக்கு முன் நடக்கும் முன்னோட்டக் காட்சிகள் விலை குறைவு, நாடகத்தை அப்போது இன்னும் திருத்திக்கொண்டே இருப்பார்கள், அதனால் அன்றைய பேச்சில் நீங்கள் சொல்வது அடுத்த நாள் ஒரு காட்சியை மாற்றவும் கூடும். நான் என்றால் இரண்டாவது வாரத்தில் போவேன். நடிகர்களுக்குப் பாத்திரம் ஊறியிருக்கும், களைப்பும் இன்னும் ஏறியிருக்காது. பணம் தடையாக இருந்தால் முடிந்ததைக் கொடுத்துப் பார்க்கும் காட்சிகள், இளையோர் விலை, அன்றன்று விற்கும் மலிவு டிக்கெட் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலான தியேட்டர்களில் இருக்கும். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

போவதற்கு முன் விமர்சனம் படிக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் அரங்கத்துக்கு அரை மணி நேரம் முன்னால் போய், கையேட்டில் நாடகாசிரியரும் இயக்குநரும் எழுதிய குறிப்பைப் படியுங்கள். இந்த நாடகம் எத்தனை ஆண்டாக உருவானது, எந்தப் பட்டறைகளில் வளர்ந்தது, யாரிடமெல்லாம் கேட்டு எழுதினார்கள் என்பது அங்கே சின்ன எழுத்தில் இருக்கும். நல்ல கேள்விகள் பாதி அந்தச் சின்ன எழுத்திலிருந்துதான் வருகின்றன. போர், சித்திரவதை, தற்கொலை போன்றவை இருந்தால் எச்சரிக்கையும் போட்டிருப்பார்கள். அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் இதைத் தவறாமல் பாருங்கள்.

விளக்கு அணையும் முன் ஒருவர் வந்து, இந்த அரங்கு நிற்கும் நிலம் எந்தப் பூர்வகுடி மக்களுடையது என்று சொல்வார். ரொறன்ரோவில் மிசிசாகா, அனிஷினாபே, ஹோடனோஷோனி, வென்டாட் என்ற பெயர்கள் வரும். அந்த நேரத்தில் போனை நோண்டாதீர்கள். கவனித்துக் கேட்டால், சிலர் எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பதும் சிலர் அன்றைய நாடகத்தோடு சேர்த்துச் சொல்வதும் தெரியும். பின்னவர்கள் இருக்கும் அரங்கில் பேச்சும் நன்றாக இருக்கும்.

இனி கேள்வி கேட்பதைப் பற்றி. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நூல் வெளியீடுகளில் கேள்வி நேரம் என்றால் ஒருவர் எழுந்து பத்து நிமிடம் உரையாற்றி, கடைசியில் கேள்வி இல்லாமலே உட்காருவார். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். மொத்தமே இருபது, முப்பது நிமிடம்தான் கிடைக்கும். இரண்டு வாக்கியம் போதும்: மேடையில் பார்த்த ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சொல்லுங்கள், அப்புறம் அதைப் பற்றிக் கேளுங்கள். "இரண்டாம் பாதியில் அந்த அம்மா பதில் சொல்லாமல் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாரே, அது எழுத்திலேயே இருந்ததா, ஒத்திகையில் வந்ததா?" இப்படிக் கேட்டால் நடிகரும் இயக்குநரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்வார்கள். "இந்த நாடகத்தின் செய்தி என்ன?" என்று கேட்டால் கையேட்டில் உள்ளதையே திரும்பச் சொல்வார்கள். எதை வெட்டினீர்கள், எந்தக் காட்சியில் நீங்களே ஒத்துப்போகவில்லை, பார்வையாளர் எதிர்பாராத இடத்தில் சிரித்தார்களா, இவையெல்லாம் நல்ல வாசல்கள்.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்: இது உங்கள் சொந்தக் கதையா? வன்முறையைப் பற்றி எழுதிய ஒருவரிடம், ஊர் கூடியிருக்கும் இடத்தில், ஒலிவாங்கியோடு இதைக் கேட்பது சரியில்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், தயங்காதீர்கள். முதலில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள். புலம்பெயர்ந்தவரின் கேள்வி வரும்போது அந்த அரங்கே மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாப் பேச்சும் இனிமையாக முடியாது. 2018 இல் கியூபெக் இயக்குநர் ரொபேர் லெபாஜ் 'கனாட்டா' என்ற நாடகத்தைத் திட்டமிட்டார், பூர்வகுடிகளின் வரலாற்றைச் சொல்லும் நாடகம், ஆனால் நடிகர்களில் கனடாவின் பூர்வகுடியினர் யாரும் இல்லை. எங்கள் கதை மறுபடியும் நாங்கள் இல்லாமலா என்று லெ டெவுவார் நாளிதழில் திறந்த மடல் வந்தது, வட அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பாளர்கள் விலகினார்கள், திட்டம் கைவிடப்பட்டு, பிறகு ஆண்டு இறுதியில் பாரிசில் வேறு வடிவில் மேடையேறியது. 2020 இல் தன் 'பக்' நாடகத்துக்குப் பூர்வகுடி நாடகாசிரியர் யொலாண்டா போனெல், பூர்வகுடி, கறுப்பின, வெள்ளையரல்லாத விமர்சகர்கள் மட்டும் எழுத வரட்டும் என்று கேட்டுக்கொண்டார். 2024 ஜனவரியில், இஸ்ரேலியச் சிப்பாயை விட்டுவிட்டு ஒரு இளம் பாலஸ்தீனப் பெண்ணுக்குச் சிகிச்சை தரும் தொண்டரைப் பற்றிய 'தி ரன்னர்' நாடகத்தை விக்டோரியாவின் பெல்ஃப்ரி தியேட்டரும் வன்கூவரின் புஷ் விழாவும் எதிர்ப்பு எழுந்ததும் அடுத்தடுத்து நிறுத்தின. இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 'கனாட்டா' விஷயத்தில் மடல் எழுதியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம், 'தி ரன்னர்' மேடையேறி அதைப் பற்றிச் சண்டை நடந்திருக்கலாம் என்பதும் என் எண்ணம். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். வழிமுறை என்று கேட்டால் இவ்வளவுதான்: நிறுத்தச் சொன்னவர்கள் எழுதியதை முழுதாகப் படியுங்கள், செய்தித் தலைப்போடு நிற்காதீர்கள், நாடகப் பிரதி அச்சில் கிடைத்தால் அதையும் படியுங்கள்.

ஒன்ராறியோவின் ஸ்ட்ராட்ஃபோர்டு நாடக விழாவுக்குப் போகிறவர்கள் நாடக டிக்கெட்டோடு அங்குள்ள மீகன் ஃபோரம் நிகழ்ச்சிகளையும் பாருங்கள், பேச்சும் விவாதமும் பருவம் முழுக்க நடக்கும். ரொறன்ரோவிலிருந்து விழாவின் பேருந்து உண்டு, கார் தேவையில்லை. பூர்வகுடி நாடகங்களுக்கு ரொறன்ரோவில் 1982 முதல் இயங்கும் நேட்டிவ் எர்த் நாடகக் குழுவும், ஒட்டாவாவில் 2019 இல் தேசியக் கலை மையத்தில் தொடங்கிய பூர்வகுடி அரங்கும் இருக்கின்றன.

ஆனால் முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது ஃப்ரிஞ்ச் விழாதான். ரொறன்ரோவில் ஜூலையில், எட்மன்டனில் ஆகஸ்டில். நாடகங்களைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள், டிக்கெட்டின் அடிப்படை விலை முழுவதும் கலைஞருக்கே போகும், பெரும்பாலான நாடகங்கள் ஒரு மணி நேரம்தான். இன்ஸ் சோயின் 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' 2011 இல் ரொறன்ரோ ஃப்ரிஞ்சில் தொடங்கித்தான் பிறகு தொலைக்காட்சித் தொடர் வரை போனது. ஃப்ரிஞ்சில் டாக்பேக் என்று தனியாக ஒன்று தேவைப்படாது, வரிசையில் நிற்கும்போதே நாடகாசிரியர் துண்டுப் பிரசுரத்தோடு உங்களிடம் வருவார், ஏன் எழுதினீர்கள் என்று அங்கேயே கேட்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், ஃப்ரிஞ்சில் தாமதமாக வருகிறவர்களைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள், டிக்கெட் கையில் இருந்தாலும் சரி. பதினைந்து நிமிடம் முன்னால் வாசலில் நில்லுங்கள்.