ரிஃப்லெக்ட்அரே செல்லின் பேண்ட்விட்த்தை விரிக்க: 10 கிகாஹெர்ட்ஸில் ஒரு கணக்கு

ரிஃப்லெக்ட்அரே என்பது ஹார்ன் (கொம்பு வடிவ ஆன்டெனா) அனுப்பும் அலையை, சிறு செல்கள் வரிசையாக அமைந்த தட்டைப் பலகையால் ஒரே கற்றையாகத் திருப்பும் ஆன்டெனா. அதன் பேண்ட்விட்த்தை (வேலை செய்யும் அதிர்வெண் பட்டையின் அகலத்தை) தின்பவை இரண்டு. ஒன்று, செல்லின் அதிர்வு (ரெசனன்ஸ்). மற்றது, ஹார்னிலிருந்து நடுச் செல்லுக்கும் விளிம்புச் செல்லுக்கும் உள்ள பாதை வித்தியாசம். இரண்டாவதைக் கணக்கிடாமல் செல்லை மட்டும் மெருகேற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. அதற்குக் கால்குலேட்டர் போதும். முதலில் அதை முடித்துவிடுங்கள்.

பலகையின் விட்டம் 300 மி.மீ., ஹார்ன் நடுவில் 240 மி.மீ. உயரத்தில் என்று வைப்போம். விளிம்புக்குத் தூரம் 283 மி.மீ.; வித்தியாசம் 43 மி.மீ. இதை ஃபேஸாக (அலை தன் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பதாக; ஓர் அலைநீளம் 360 டிகிரி) மாற்றினால் 10 கிகாஹெர்ட்ஸில் 516 டிகிரி, 11-ல் 568 டிகிரி. அதிர்வெண் மாறினாலும் ஃபேஸ் மாறாத செல்லையே வைத்தாலும், 11 கிகாஹெர்ட்ஸில் விளிம்பு 52 டிகிரி தவறும். ஹார்னை 300 மி.மீ.க்கு உயர்த்தினால் பிழை 42 டிகிரியாகக் குறையும். 150-க்கு இறக்கினால் 75-ஐத் தொடும். உயரத்துக்கு இடமிருந்தால் அதுதான் மலிவான மருந்து. பலகை பெரிதாகப் பெரிதாக இந்தப் பிழைதான் முதலாளி.

இனி செல். 0.8 மி.மீ. சப்ஸ்ட்ரேட்டில் (மின்காப்புப் பலகையில்) ஒற்றைப் பேட்ச் (சதுர உலோகத் துண்டு) வைத்து, அதன் அளவை மாற்றி ஃபேஸ் வரைபடம் எடுத்துப் பாருங்கள். இரு ஓரமும் தட்டையாக, நடுவில் செங்குத்தாக விழும். பேட்ச் கிரவுண்டுக்கு (அடியிலுள்ள உலோகத் தளத்துக்கு) மிக அருகில் இருப்பதால் அதிர்வு கூர்மையாகிறது. இப்படிப்பட்ட பேட்சுக்குச் சில சதவீத பேண்ட்விட்த்தே மிஞ்சும். 2018-ல் செவ்வாய்க்குப் போன மார்கோ சிறுகலங்களின் ரிஃப்லெக்ட்அரேபோல, 8.4 கிகாஹெர்ட்ஸ் அருகே குறுகிய பட்டையில் மட்டும் பேசும் வேலைக்குப் பேண்ட்விட்த் பெரிய தலைவலி இல்லை. நமக்கு 9 முதல் 11 வரை வேண்டும்.

கிரவுண்டிலிருந்து தூரத்தைக் கூட்டினால் சரிவு தணியும். ஆனால் 360 டிகிரி இருக்க வேண்டிய ஃபேஸ் வீச்சும் 300 டிகிரிக்குக் கீழே சுருங்கிவிடலாம். சுருங்கியதை மீட்க இரண்டாவது அதிர்வு தேவை. அடுக்குப் பேட்ச் அதைத் தரும், ஆனால் இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் துல்லியமாகப் பொருத்த வேண்டும். ஒரே தளத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுர வளையம் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. முதல் முயற்சிக்கு இதையே எடுங்கள்.

தொடக்க அளவுகள்: செல் 12 மி.மீ. (0.4 அலைநீளம், பலகைக்கு 25×25), சப்ஸ்ட்ரேட் 0.787 மி.மீ. ரோஜர்ஸ் 5880, அடியில் 3 மி.மீ. ஃபோம், அதற்கும் கீழே கிரவுண்ட். வளைய அகலம் 0.4 மி.மீ., உள் வளையம் வெளி வளையத்தின் 0.65 மடங்கு. வெளிப் பக்கத்தை 4 முதல் 11.6 மி.மீ. வரை 0.2 மி.மீ. படியாக ஓட்டுங்கள். ஒரு வளையம் அதன் சுற்றளவு ஏறக்குறைய ஓர் அலைநீளம் ஆகும்போது அதிரும் என்பதால், முதலில் வெளி வளையமும், அளவு வளர்ந்தபின் உள் வளையமும் வேலைக்கு வரும். சிமுலேஷனில் பீரியாடிக் எல்லையும் (அதே செல் முடிவில்லாமல் திரும்ப வருவதாகக் கொள்வது) ஃப்ளோக்கே போர்ட்டும் (அதன்மேல் அலையை விடும் வாயில்) போட்டு, 9, 10, 11 மூன்றிலும் எடுங்கள்.

வரைபடத்தில் பார்க்க வேண்டியது, மூன்று கோடுகளும் இணையாக ஓடுகின்றனவா என்பதை. எல்லாச் செல்லும் ஒரே அளவு ஃபேஸ் நகர்ந்தால் கற்றை கெடாது. ஒன்று 20 டிகிரியும் பக்கத்துச் செல் 90 டிகிரியும் நகர்ந்தால்தான் சிதறும். இரு அதிர்வுகளுக்கு நடுவே கோடு தட்டையாகிப் படிக்கட்டுபோல் நின்றால், விகிதத்தை 0.6-க்கும் 0.75-க்கும் இடையில் நகர்த்திப் பாருங்கள். வீச்சு 330 டிகிரியில் நின்றுவிட்டால் பதற வேண்டாம்: விடுபட்ட 30-க்கு மிக அருகிலுள்ள அளவை எடுத்தால் பிழை 15 டிகிரியைத் தாண்டாது. அந்த 30-ஐப் பிடிக்கப்போய் இணைத்தன்மையைக் கெடுப்பது நஷ்ட வியாபாரம்.

அலை நேர்க்குத்தாக விழும் நிலையோடு நிறுத்தாதீர்கள். நம் கணக்கில் விளிம்புச் செல்லுக்கு அலை 32 டிகிரி சாய்ந்து வருகிறது. இரு போலரைசேஷனிலும் (மின்புலத்தின் இரு திசைகளிலும்) 30 டிகிரியில் ஒருமுறை ஓட்டுங்கள்.

பாதைப் பிழையையும் செல்லை வைத்தே கொஞ்சம் ஈடுகட்டலாம். விகிதத்தையும் மாறியாக்கி ஒரு அட்டவணை தயாரியுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் 9, 10, 11 மூன்றிலும் தேவைப்படும் ஃபேஸுக்கு மொத்தத்தில் நெருங்கி வரும் அளவு-விகித ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். தேடும்போது ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும், எல்லாச் செல்லுக்கும் பொதுவான ஒரு ஃபேஸ் மாறிலியைச் சுதந்திரமாக விட்டுவிட மறக்காதீர்கள். மறந்தால் கிடைக்கவே முடியாத ஒன்றைப் புரோகிராம் துரத்திக்கொண்டிருக்கும்.

செய்யும்போது கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். எட்சிங் பிழை 0.05 மி.மீ. என்றால், மி.மீ.க்கு 100 டிகிரி சரிவில் 5 டிகிரிதான் போகும். 300 டிகிரி சரிவில் 15. மெல்லிய சரிவுக்கு இது இன்னொரு லாபம். அடுத்தது ஃபோம். பசையை முழுப் பரப்பிலும் தடவினால் அதுவே ஒரு மின்காப்பு அடுக்காகி அதிர்வை நகர்த்தும். ஓரத்தில் மட்டும் ஒட்டினால் பலகை நடுவில் உப்பும், 0.5 மி.மீ. உப்பினாலே போக, வர 1 மி.மீ., அதாவது 12 டிகிரி. இடைவெளி மாறியதால் அதிர்வு நகர்வது தனி. செல்களின் மூலைகளில் ஆங்காங்கே நைலான் திருகு போட்டு இறுக்குங்கள்.