தோல் நலத்துக்குக் கறிவேப்பிலையும் மல்லியும் புதினாவும்: உண்ணும் முறை

வேலை முடிந்ததும் ஒருவரைக் கைவிடுவதைக் ‘கறிவேப்பிலையாய் ஒதுக்கிவிட்டார்கள்’ என்று சொல்லும் அளவுக்கு, அந்த இலையைத் தட்டின் ஓரத்தில் தள்ளி வைப்பது நமக்குப் பழகிப்போயிருக்கிறது. தாளிப்பில் விழும் ஆறேழு இலைகளும் ரசத்தின் மேல் தூவும் சிறிதளவு கொத்தமல்லியும் மணத்துக்குப் போதும், தோலுக்குப் போதா. அதே இலைகளைத் துவையலாகவோ சட்டினியாகவோ பொடியாகவோ அரைத்து, ஒரு கைப்பிடிக்குக் குறையாமல் உணவோடு உண்ணும்போதுதான் அவற்றிலுள்ள சத்து கணக்கில் சேரும்.

எந்த இலையை எப்படிச் சமைப்பது என்பதை அதிலுள்ள சத்தே தீர்மானிக்கிறது. 100 கிராம் கறிவேப்பிலையில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டு. உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. இந்த வைட்டமின் மிகவும் குறைந்தவர்களுக்குத் தோல் வறண்டு சொரசொரப்பாகும்; முழங்கையிலும் தொடையின் வெளிப்புறத்திலும் மயிர்க்கால்கள் முள் முள்ளாய்த் துருத்துவதும் உண்டு. கரோட்டின் கொழுப்பில் கரைவது என்பதால் எண்ணெயோ நெய்யோ சேராமல் உண்டால் அதில் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். கொத்தமல்லியில் கரோட்டினோடு வைட்டமின் சியும் இருக்கிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் உருவாக இது தேவை; ஆனால் சூட்டிலும் காற்றுப் படுவதிலும் இது விரைவில் அழியும். ஆகவே கறிவேப்பிலைக்கு எண்ணெய் வேண்டும், மல்லியை அடுப்பில் ஏற்றாமல் இருப்பது நல்லது.

கறிவேப்பிலைத் துவையலுக்கு இரண்டு கைப்பிடி உருவிய இலைகளைக் கழுவித் துணியில் பரப்பி ஈரம் போக்கிக்கொள்ள வேண்டும். ஈர இலை எண்ணெயில் விழுந்தால் தெறிக்கும். வாணலியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பைச் சிவக்க வறுத்து, மூன்று மிளகாய் வற்றலும் சிறிது பெருங்காயமும் சேர்த்த பிறகு, தீயை நன்றாகக் குறைத்து இலைகளைப் போடவும். படபடவென்ற சத்தம் அடங்கி இலை சுருளத் தொடங்கும்போதே, பச்சை நிறம் மாறுவதற்கு முன்பாக இறக்கிவிட வேண்டும். கருகும்வரை வறுத்தால் துவையல் கசக்கும், கரோட்டினும் குறையும். ஆறியதும் நெல்லிக்காய் அளவு புளி, உப்பு, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கெட்டியாக அரைத்து, சூடான சோற்றில் மேலும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிடலாம். இலையைத் தனியே பொறுக்கிப் போட வழியில்லை என்பதே இந்தத் துவையலின் பெரிய வசதி. பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதன் அருமை தெரியும்.

கொத்தமல்லியில் மண் அதிகம். அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பி, தழையை அமிழ்த்தி அலசி, சற்று நேரம் விட்டபின் தழையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். நீரோடு சேர்த்துக் கவிழ்த்தால் அடியில் படிந்த மண் மீண்டும் தழையிலேயே ஒட்டும். இப்படி மூன்று முறை அலசியபின் வேரை மட்டும் நீக்கிவிட்டு, மணம் மிகுந்த இளந்தண்டையும் சேர்த்து, தேங்காய், பச்சை மிளகாய், இஞ்சி, உப்போடு வதக்காமல் அரைத்து, பரிமாறும்போது எலுமிச்சையைப் பிழியலாம். காலையில் அரைத்ததை இரவுவரை வைத்திருப்பதைவிட, சாப்பிடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு அரைப்பதே மேல். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒரு கைப்பிடி மல்லியில் உள்ளதைவிடப் பல மடங்கு வைட்டமின் சி ஒரு கொய்யாப்பழத்தில் இருக்கிறது. பழத்துக்கு மாற்றாக மல்லியை நினைக்கக் கூடாது.

புதினாவை இதே முறையில் மல்லியோடு கலந்து அரைக்கலாம். தனியாக அரைத்தால் காரல் தட்டும் என்பவர்கள், பத்து இலைகளை மோரில் அடித்துக் குடிக்கலாம்.

தினமும் அரைக்க நேரமில்லாதவர்களுக்குப் பொடி உதவும். கறிவேப்பிலையை வெயிலில் அல்லாமல் நிழலில், கையில் நொறுங்கும்வரை உலர்த்த வேண்டும். நேர் வெயில் பச்சை நிறத்தையும் கரோட்டினையும் சேர்த்தே வெளுக்கச் செய்துவிடும். வறுத்த துவரம்பருப்பு, மிளகு, சீரகம், உப்போடு பொடித்துக் காற்றுப் புகாத புட்டியில் வைத்து, நெய்யோடு மட்டுமே பிசைந்து உண்ணவும்.

வாரத்தில் நான்கைந்து நாள் இப்படி உண்பவர்கள் முதல் வாரமே கண்ணாடியைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். தோலின் மேலடுக்கு புதுப்பிக்கப்படவே ஏறத்தாழ 4 வாரம் ஆகும், வயது கூடக்கூட இன்னும் நீளும். ஏற்கெனவே சத்துள்ள உணவை உண்பவர்களுக்குப் பெரிய மாற்றம் தெரியாமலும் போகலாம். எந்த இலையும் நிறத்தை வெளுக்கச் செய்யாது. அப்படிச் சொல்லி விற்கப்படும் பொடிகளை வாங்காமல் இருப்பதே நல்லது. கரோட்டின் மிகுந்த உணவை நெடுநாள் அளவுக்கு மீறி உண்டால் உள்ளங்கை மஞ்சள் பூக்கும். மஞ்சள் காமாலையில் நேர்வதைப் போல அப்போது கண்ணின் வெண்பகுதி மஞ்சளாகாது.

படை, தொடர்ந்த அரிப்பு, செதில் உதிர்தல் ஆகியவற்றுக்குத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், இலைகளில் வைட்டமின் கே இருப்பதால், அளவைத் திடீரென்று கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சட்டினிக்குப் பிழிந்த எலுமிச்சையின் தோலை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகவே கூடாது; எலுமிச்சையில் உள்ள பொருள்கள் வெயில் பட்டதும் தோலைப் புண்ணாக்கி, பல வாரம் மறையாத கருந்திட்டுகளை விட்டுச்செல்லும்.