கியோட்டோவில் ஓராண்டு: ஜப்பானிய மொழி பயிலச் செல்லும் மாணவருக்கு

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பரிமாற்ற மாணவர்களோ பெரும்பாலும் செப்டம்பர் இறுதியில், பாதி ஆண்டு கழிந்த பிறகு போய்ச் சேர்கிறார்கள். தரநிலைத் தேர்வு எழுதி வகுப்பு ஒதுக்கப்படும் அந்த முதல் இரண்டு வாரங்கள் அலுவலகங்களிலேயே கழிந்துவிடும். அவற்றைப் படிப்புக்கு இடையூறு என்று எண்ண வேண்டாம். கியோட்டோவில் நான் கற்ற ஜப்பானிய மொழியில் பாதி, வரிசைச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்த இடங்களில்தான் கிடைத்தது. உதவிக்கென்று பல்கலைக்கழகம் ஒரு ஜப்பானிய மாணவரை அனுப்பினால் அவர் அருகில் நிற்கட்டும். பேசுவது நீங்களாக இருங்கள். முந்தைய நாள் இரவே, சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களை எழுதி வாய்விட்டுப் படித்துவிட்டுச் செல்வது போதுமானது.

புறப்படும் முன்பே முடிக்க வேண்டிய ஒன்று, அயல்மொழிப் பெயர்களை எழுதப் பயன்படும் கத்தகானா எழுத்தில் உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று தீர்மானிப்பது. தமிழர்களுக்கு இது சிறிய விஷயமன்று. குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மிடம் இல்லாததால் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் அமர்ந்திருக்கும்; சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். ஜப்பானில் வகுப்புப் பட்டியல் முதல் மருத்துவமனை வரை குடும்பப் பெயரைச் சொல்லியே அழைப்பார்கள் என்பதால், உங்கள் தந்தையின் பெயருடன் ‘சான்’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து யாரோ கூப்பிட, நீங்கள் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறீர்கள் என்பதை முதல் வகுப்பிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். கத்தகானாவில் ர, ல, ள, ழ எல்லாம் ஒரே வரிசை எழுத்துகளில் அடங்கிவிடும். நெடிலைக் காட்டுவது ஒரு சிறு கோடு. அந்தக் கோடு ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்தில் இல்லையென்றால் வங்கிக் கணக்கும் கைப்பேசி ஒப்பந்தமும் வெவ்வேறு நபர்களுடையவையாகத் தோன்றும். எனக்கு இதனால் கைப்பேசி இணைப்பு பத்து நாள் தாமதமானது. ஒரே வடிவத்தைத் தேர்ந்து, எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள்.

பெரிய விமான நிலையங்களில் இறங்கியவுடனேயே வசிப்பிட அட்டையைத் தருகிறார்கள். பகுதிநேர வேலை செய்யும் எண்ணம் இருந்தால் அதற்கான அனுமதியையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாரத்துக்கு 28 மணி நேரம் என்பதே அதன் வரம்பு. தங்குமிடம் உறுதியான 14 நாட்களுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் தங்குபவர் தேசிய உடல்நலக் காப்பீட்டில் சேர்வது கட்டாயம். சேர்ந்தபின் மருத்துவச் செலவில் 30 விழுக்காட்டை மட்டும் நீங்கள் செலுத்தினால் போதும். 20 வயது நிறைந்தவருக்கு ஓய்வூதியத் திட்டமும் உண்டு. மாணவர்களுக்கு அதைக் கட்டுவதிலிருந்து விலக்குப் பெறும் வழி இருக்கிறதா என்று அதே நாளில் கேளுங்கள். தானாக யாரும் சொல்லமாட்டார்கள். வங்கிகள் ஆறு மாதம் நிறையாதவரை வெளிநாட்டில் வசிப்பவராகவே கருதுவதால், தொடக்கத்தில் கணக்குக்குச் சில கட்டுப்பாடுகள் இருக்கும்.

இனி மொழிக்கு வருவோம். பாடநூல்கள் ஆங்கிலத்தில் விளக்குவதால் நாமும் ஆங்கிலம் வழியே ஜப்பானிய மொழியை அணுகுகிறோம். அது சுற்றுவழி. வினை இறுதியில் நிற்பதும், உருபுகள் பெயருக்குப் பின்னே வருவதும் நமக்குப் புதியவை அல்ல. ‘தாபெதே மிரு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சாப்பிட்டுப் பார்’ என்று அப்படியே வருகிறது. ‘மிரு’ என்றால் பார்த்தல்தான். ‘இத்தே ஒகு’ என்பது ‘சொல்லி வை’. ‘தாபெதே ஷிமத்தா’ என்பதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி தேவைப்படுகிறது. ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்றால் நமக்கு முடிந்தது. ‘தாரே’ என்றால் யார், ‘தாரெகா’ என்றால் யாரோ, ‘தாரெமோ’ என்று எதிர்மறையில் வந்தால் யாரும். ‘கொரே, சொரே, ஆரே, தொரே’ என்ற நான்கு சுட்டு, வினாச் சொற்களில் இரண்டாவதுதான் தமிழகத்து மாணவரைக் குழப்பும். கேட்பவரின் அருகில் இருப்பதைச் சுட்டும் அந்தச் சொல்லுக்கு யாழ்ப்பாணத்தவரிடம் ‘உது’ இன்றும் இருக்கிறது. எனவே மாலையில் குறிப்பெழுதும்போது எடுத்துக்காட்டு வாக்கியங்களின் பொருளைத் தமிழிலேயே எழுதுங்கள். பேசுபொருளைக் காட்டும் ‘வா’, எழுவாயைக் காட்டும் ‘கா’ என்னும் இரண்டு உருபுகளின் வேறுபாட்டில் மட்டும் தமிழ் கைகொடுக்காது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

தெருவில் காதில் விழுவது பாடநூல் மொழியாக இராது. ‘எவ்வளவு’ என்பதற்கு ‘நான்போ’ என்பார்கள். ‘கூடாது’ என்பதற்கு ‘அகான்’. ஒருவரைப் பற்றி இயல்பான மரியாதையுடன் பேசும்போது கியோட்டோக்காரர்கள் வினையோடு ‘ஹாரு’ சேர்ப்பார்கள். ‘இகஹாரு’ என்றால் ‘போகிறார்’. எழுத்தில் ஒன்று, பேச்சில் ஒன்று என்று வளர்ந்த நமக்கு இது அச்சம் தரக்கூடாது. புரிந்துகொள்வதற்கு வட்டார வழக்கையும், பதில் சொல்வதற்குப் பாடநூல் நடையையும் வைத்துக்கொள்வது நல்லது.

உணவில், சைவ உணவினர் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. மிசோ சூப், நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி என எல்லாவற்றுக்கும் அடிப்படையான ‘தாஷி’ சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுக்கப்படுவது. மீனும் மீன் தாஷியும் கூடாது என்று தனித்தனியே சொல்ல வேண்டும். உமெபோஷி ஊறுகாய் வைத்த சோற்றுருண்டையை அவசரத்துக்கு வாங்கலாம். ஆனாலும் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கத்தை விடாதீர்கள். அதற்கு வேண்டிய இருபது கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளைத் தேர்வுக்கு முன்பே மனப்பாடம் செய்யுங்கள். இனிப்பில்லாத தயிர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஒட்டும் தன்மையுள்ள ஜப்பானிய அரிசியில் தயிர்சோறு நம் ஊர் அரிசியைவிட நன்றாக அமையும் என்பது என் கருத்து.

குப்பையைப் பற்றி அக்கம்பக்கத்தார் மிகுந்த கவனத்துடன் இருக்கிறார்கள். கியோட்டோவில் எரியும் குப்பைக்கு மாநகராட்சி விற்கும் மஞ்சள் பை, வாரம் இரு முறை. டப்பா, கண்ணாடிப் புட்டி, பெட் (PET) எனும் குளிர்பானப் புட்டி ஆகியவற்றுக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒளி ஊடுருவும் பைகள், வெவ்வேறு நாளில். காலை 8 மணிக்குள் வைத்து, காகம் கொத்தாதபடி வலையால் மூட வேண்டும். தவறாகப் பிரித்த பை ஒட்டுத்தாளுடன் அங்கேயே கிடக்கும். அந்தத் தாளைப் பிய்த்தெறியாமல் படியுங்கள். நாடு திரும்பும் மாணவரிடம் மிதிவண்டி வாங்கினால் அதன் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காவலர்கள் வழியில் நிறுத்திச் சரிபார்ப்பது உண்டு.

ஊர் திரும்பும்போது முகவரி நீக்கம், காப்பீடு, வங்கி என்று மீண்டும் அதே அலுவலகங்களுக்குச் செல்ல வேண்டும். மேசை, மெத்தை போன்ற பெரிய பொருட்களை வாசலில் வைத்துவிட்டுப் போக முடியாது. தொலைபேசியில் நாள் குறித்து, கட்டண ஒட்டுவில்லையைக் கடையில் வாங்கி ஒட்ட வேண்டும். பலரும் ஒரே சமயத்தில் வீடு காலி செய்யும் மாதங்களில் நாள் கிடைப்பது கடினம், ஆகவே மூன்று வாரம் முன்பே அழையுங்கள். எதிர்முனையில் இருப்பவர் பொருளின் நீளம், அகலம், பெயரின் கத்தகானா, முகவரி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நகரின் நடுப்பகுதியில் வசிப்பவராக இருந்தால், வடக்கே செல்வதற்கு ‘அகாரு’, அதாவது மேலேறு என்றும், தெற்கே செல்வதற்கு ‘சகாரு’, கீழிறங்கு என்றும் தெருச் சந்திப்பிலிருந்து வழி சொல்வதே கியோட்டோவின் முகவரி. முகமோ சைகையோ துணைக்கு இல்லாத அந்த அழைப்பை வேறு யாரிடமும் ஒப்படைக்காமல் நீங்களே பேசி முடியுங்கள்.