கம்பி முடியும் இடத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்: சரக்குப் பாதைக்கு மின்–டீசல் இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும் முறை

பிரிட்டனின் மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகங்களில் ஒன்றான ஃபீலிக்ஸ்டோவிலிருந்து கிளம்பும் சரக்கு ரயில், இப்ஸ்விச் வரை ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவு மின்கம்பி இல்லாத கிளைப் பாதையில் ஓடுகிறது. இப்ஸ்விச்சில் தலைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி தொடங்குகிறது; அங்கிருந்து லண்டன் வழியாகச் சென்றால் நாட்டின் வடபகுதி வரையிலும் மின்சாரத்திலேயே போய்விடலாம். ஆனாலும் இந்தக் கன்டெய்னர் வண்டிகளில் பெரும்பாலானவற்றை, பல பத்தாண்டுகளாக, மின்கம்பிக்குக் கீழேயே டீசல் இன்ஜின்கள்தான் இழுத்து வந்திருக்கின்றன. இப்ஸ்விச்சில் இன்ஜின் மாற்ற வேண்டுமானால் இரண்டாவது இன்ஜின், அதை நிறுத்தி வைக்க ஒரு தடம், பணியாளர், பிரேக் சோதனைக்கான நேரம் ஆகிய எல்லாம் தேவைப்படுகின்றன என்பதே இதற்கு முதன்மைக் காரணம். ஒரு சிறிய இடைவெளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தின் எரிபொருளைத் தீர்மானித்துவிடுகிறது.

மின்கம்பியிலிருந்தும் டீசலிலிருந்தும் ஆற்றல் பெறக்கூடிய இருமுறை இன்ஜின் இந்தச் சிக்கலுக்குப் பொருத்தமான தீர்வு. ஆனால் எந்த இருமுறை இன்ஜினும் எந்தப் பாதைக்கும் பொருந்தும் என்று கருதிவிடக் கூடாது. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது மின்முறைத் திறன். உங்கள் வண்டி நடுவழியில் நிற்குமா, போய்ச் சேருமா என்பதை முடிவு செய்வதோ டீசல்முறைத் திறனும் சக்கரத்தின் பிடிமானமும். எனவே கம்பி இல்லாத பகுதியிலிருந்து கணக்கைத் தொடங்குவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

முதலில் இன்ஜினின் உட்புறத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இதில் இழுவை மோட்டார்கள் ஒரே தொகுதிதான். கம்பிக்கு அடியில் ஓடும்போது பாண்டோகிராஃப் (கூரையிலிருந்து எழும்பிக் கம்பியைத் தொடும் கரம்) வழியாக வரும் மின்சாரம் மின்மாற்றியில் குறைக்கப்பட்டு, மின்னணு மாற்றிகளின் வழியாக மோட்டார்களை அடைகிறது. கம்பி இல்லாத இடத்தில் டீசல் இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர் அதே மோட்டார்களுக்கு மின்சாரம் தருகிறது. கடினமான பகுதி எடைதான். மின்மாற்றியும் டீசல் இன்ஜினும் தனித்தனியே பல டன் எடையுள்ளவை. ஓர் அச்சின்மேல் 22.5 டன் மட்டுமே அனுமதிக்கப்படும் பாதையில் நான்கு அச்சு இன்ஜின் 90 டன்னைத் தாண்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு தயாரிப்பாளரும் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதைக் கண்டுபிடிப்பது வாங்குபவரின் வேலை.

பிரிட்டனில் 2017 முதல் ஓடும் ‘கிளாஸ் 88’ வகையில் மின்முறையில் 4000 கிலோவாட் கிடைக்கிறது; டீசல் இன்ஜினோ ஏறத்தாழ 700 கிலோவாட்தான். டேவென்ட்ரி சரக்கு முனையத்துக்கும் ஸ்காட்லாந்தின் மோஸெண்டுக்கும் இடையே ஷாப், பீட்டாக் ஆகிய கடினமான ஏற்றங்களை மின்சாரத்தில் ஏறி, முனையத்துக்குள் டீசலில் நகரும் பணிக்கு அந்த விகிதம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஜெர்மனியில் ஓடும் சீமென்ஸ் ‘வெக்ட்ரான் டூயல் மோட்’ இதற்கு நேர் எதிர்: 2400 கிலோவாட் டீசல் இன்ஜினுக்கு இடம் கொடுப்பதற்காக மின்முறைத் திறனைக் குறைத்து, இரண்டு முறைகளிலும் சக்கரத்தில் ஏறத்தாழ 2000 கிலோவாட் மட்டுமே தருகிறது. ஸ்டாட்லர் நிறுவனம் அச்சுகளை ஆறாக்கி எடைத் தடையைத் தளர்த்தியது. ஜெர்மனியின் எச்.வி.எல்.இ. சரக்கு ரயில் நிறுவனம் வாங்கிய ‘யூரோடூயல்’ இன்ஜினில் 2800 கிலோவாட் டீசல் இருக்கிறது. பிரிட்டனின் ஜிபி ரெயில்ஃப்ரெயிட் நிறுவனத்துக்காக 2022-இல் 30 எண்ணிக்கையில் ஒப்பந்தமான ‘கிளாஸ் 99’ இன்ஜினில் மின்முறைத் திறன் 6170 கிலோவாட், டீசல் 1790 கிலோவாட். இவை எல்லாவற்றையும் ‘இருமுறை இன்ஜின்’ என்ற ஒரே பெயரால் அழைப்பதுதான் புதியவர்களைக் குழப்புகிறது.

இப்போது உங்கள் பாதையின் வரைபடத்தை விரித்து, கம்பி இல்லாத ஒவ்வொரு துண்டின் நீளத்தையும், அதிலுள்ள மிகக் கடினமான ஏற்றத்தையும், அந்த ஏற்றத்தின் அடியில் சிக்னல் இருக்கிறதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிக்னல் முக்கியம், சிவப்பு விளக்கில் நின்ற வண்டி ஏற்றத்தின் அடிவாரத்திலிருந்து, எந்த வேகமும் கைவசம் இல்லாமல், புதிதாகப் புறப்பட வேண்டும். கிரேன்கள் மேலிருந்து கன்டெய்னர் தூக்கும் தடங்களுக்கு மேல் கம்பி கட்ட முடியாது என்பதால், முதன்மைப் பாதை முழுவதும் மின்மயமான நாட்டிலும் கடைசிச் சில நூறு மீட்டர்கள் கம்பியின்றியே இருக்கும். அவற்றையும் கணக்கில் சேருங்கள். மாற்றுப் பாதைகளையும் மறக்க வேண்டாம். ஃபீலிக்ஸ்டோவிலிருந்து மத்திய இங்கிலாந்துக்கு லண்டனைத் தொடாமல் ஈலி, பீட்டர்பரோ, லெஸ்டர் வழியாகப் போகும் பாதையில் பெரும்பகுதிக்குக் கம்பியே இல்லை. லண்டன் வழிக்குப் போதுமான இன்ஜின் அந்த வழிக்குப் போதாது.

அடுத்தது இழுவிசைக் கணக்கு. 1500 டன் சரக்கு வண்டியை, 86 டன் எடையுள்ள கிளாஸ் 88 வகை இன்ஜின், நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்த எடை 1586 டன். ஏற்றத்துக்கு எதிராக மட்டும் ஏறத்தாழ 156 கிலோநியூட்டன் விசை தேவை. சக்கரங்களின் உருளல் தடையை எடையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு என்று கொண்டால் மேலும் 31 கிலோநியூட்டன். ஆக மொத்தம் 187. மின்முறையில் 4000 கிலோவாட்டை இதனால் வகுத்தால் நொடிக்கு 21 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 77 கி.மீ. வேகம் கிடைக்கும், காற்றுத் தடையைச் சேர்த்தால் சற்றுக் குறையும். டீசல்முறையில் 700 கிலோவாட்டில் ஐந்தில் நான்கு பங்கு சக்கரத்தைச் சேர்வதாகக் கொண்டால் 560 கிலோவாட். வேகம் நொடிக்கு 3 மீட்டர், மணிக்கு 11 கி.மீ. கூட இல்லை. அந்த ஏற்றம் 5 கி.மீ. நீண்டால் வண்டி 28 நிமிடம் பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் வரும் பயணிகள் ரயிலை நினைத்துப் பாருங்கள். இதே கணக்கை 1790 கிலோவாட் டீசலுக்குப் போட்டால் மணிக்கு 27 கி.மீ. வருகிறது, அதே ஏற்றம் 11 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இங்கே ஒரு தவறான புரிதல் அடிக்கடி நேர்கிறது. நிலையிலிருந்து புறப்படும்போது இன்ஜின் தரும் உச்ச இழுவிசை இரண்டு முறைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஏனெனில் மோட்டார்கள் ஒன்றே. கிளாஸ் 88-க்கு அது 317 கிலோநியூட்டன். சோதனை ஓட்டத்தில் வண்டி டீசலில் இலகுவாக நகர்ந்துவிட்டதைப் பார்த்து மகிழ்ந்துபோகிறவர்கள், அந்த விசையை 560 கிலோவாட்டால் மணிக்கு 6 கி.மீ. வரை மட்டுமே தாங்க முடியும் என்பதையும், மின்முறையில் அது மணிக்கு 45 கி.மீ. வரை நீடிக்கும் என்பதையும் கவனிப்பதில்லை. புறப்படுவது வேறு, போய்ச் சேர்வது வேறு.

திறன் கணக்கு முடிந்ததும் பிடிமானக் கணக்கைத் தனியாகப் போடுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள். 317 கிலோநியூட்டன் கிடைக்க, இன்ஜினின் எடையில் 37 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி பிடிமானமாக மாற வேண்டும். உலர்ந்த தண்டவாளமும் நல்ல வழுக்குக் கட்டுப்பாடும் இருந்தால் அது இயலும். மழைத் தூறலிலும், இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் நசுங்கிய இலைகளின் மேலும் இயலாது. பிடிமானம் 20 விழுக்காடாகக் குறைந்தால் 86 டன் இன்ஜின் தரக்கூடிய விசை 169 கிலோநியூட்டன். நமக்குத் தேவையோ 187. கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வண்டி ஏறாது. சரக்கு வண்டியின் எடையை 1340 டன்னாகக் குறைத்தால் ஏறும், அதுவும் விளிம்பில்தான். ஆறு அச்சுகளும் 110 டன்னுக்கு மேல் எடையும் உள்ள இன்ஜின் அதே ஈரத்தில் 215 கிலோநியூட்டனுக்கு மேல் தரும். ஆகவே ஏற்றமும் மழையும் சேர்ந்த பாதையில், கிலோவாட் எண்ணை விட அச்சுகளின் எண்ணிக்கைக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

மின்சார முறைமையையும் சரிபார்க்க வேண்டும். ஜெர்மனியின் பொது மின்பாதைகள் 15,000 வோல்ட், 16.7 ஹெர்ட்ஸ். ஆனால் ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் பிளாங்கன்பர்க்கிலிருந்து ரூபெலாண்டை நோக்கிச் செல்லும் சுண்ணாம்புக்கல் பாதை 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் முறையில் மின்மயமானது. அதை நாட்டின் மற்ற ரயில் பாதைகளோடு இணைக்கும் ஹால்பர்ஸ்டட்–பிளாங்கன்பர்க் துண்டில் கம்பியே இல்லை. மலைப் பாதையின் ஏற்றம் சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கு 60 மீட்டர் வரை போகிறது. மூன்று வேறுபட்ட நிலைமைகளை ஒரே பயணத்தில் கடக்க வேண்டிய இத்தகைய இடத்தில்தான் இரு மின்னழுத்தங்களையும் ஏற்கும் ஆறு அச்சு யூரோடூயல் தன் விலைக்கு ஈடுகொடுக்கிறது.

முறை மாற்றும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது திட்டமிடுபவரின் பொறுப்பு. ஓட்டுநரின் சமயோசிதத்துக்கு விட்டுவிடக் கூடாது. மாற்றத்தின்போது சில நொடிகளாவது இழுவிசை அறுபடும் என்பதால், ஏற்றத்தைத் தவிர்த்துச் சமதளத்தையோ மெல்லிய இறக்கத்தையோ தேர்ந்தெடுங்கள். கம்பி முடிவதற்குப் பல கிலோமீட்டர் முன்பே டீசல் இன்ஜினை இயக்கிச் சூடேற்ற வேண்டும். அது சீராக ஓடுகிறது என்று உறுதி செய்ய வேண்டிய இடத்தை, அங்கே பிரேக் போட்டாலும் வண்டி கம்பிக்கு அடியிலேயே நின்றுவிடும் அளவுக்கு முன்னதாகக் குறித்துவிடுங்கள். டீசல் இன்ஜின் கிளம்பவில்லை என்று கம்பி முடிந்த பிறகு தெரியவந்தால், மீட்பு இன்ஜின் வரும்வரை பாதை முழுவதும் முடங்கும். பாண்டோகிராஃபைக் கம்பி முடிவதற்கு முன்பே இறக்கியாக வேண்டும். திரும்பி வரும்போது, கம்பி தொடங்கிவிட்டது என்பது உறுதியான இடத்தில் மட்டுமே ஏற்ற வேண்டும். மேலே கம்பி இல்லாமல் ஏற்றினால் அது முழு உயரத்துக்கும் எழும்பிப் பாலத்தின் அடிப்பகுதியில் மோதி நொறுங்கும். ஓடும்போதே மாற்றும் வசதி இருந்தாலும், முதல் சில மாதங்கள் நின்ற நிலையில் மாற்றும் இடம் ஒன்றையும் அட்டவணையில் வைத்திருப்பது நல்லது.

எரிபொருளுக்கு ஒரு தோராயக் கணக்கு போதும். டீசல் இன்ஜின் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 200 கிராம் எரிக்கும் என்று கொண்டால், 700 கிலோவாட் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 165 லிட்டர் செலவாகும். பராமரிப்புதான் கூடுதல் கவனம் கேட்கிறது. வாரக்கணக்கில் கம்பிக்கு அடியிலேயே ஓடும் இன்ஜினில் டீசல் பகுதி தூங்கிக்கொண்டிருக்கும். பேட்டரி இறங்கும், எரிபொருள் பழசாகும், தேவைப்படும் நாளில் கிளம்ப மறுக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் சுமையோடு இயக்கிப் பார்ப்பதைப் பணிப் பட்டியலில் சேருங்கள். உயர் மின்னழுத்தமும் டீசலும் தெரிந்த பணியாளர்கள் ஒரே கொட்டகையில் இருக்க வேண்டும்.

செலவைக் கணக்கிடும்போது மின்சாரம் எப்போதும் மலிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021-இன் இலையுதிர் காலத்தில் பிரிட்டனில் மின்கட்டணம் தாறுமாறாக ஏறியபோது, ஃப்ரெயிட்லைனர் என்ற சரக்கு ரயில் நிறுவனம் தன் மின்சார இன்ஜின்களை ஓரங்கட்டி டீசலுக்குத் திரும்பியது. அதற்கு வேறு இன்ஜின்கள் தேவைப்பட்டன. இருமுறை இன்ஜின் வைத்திருப்பவருக்கும் முழு விடுதலை கிடைக்காது. டீசல் பகுதி சிறியதாக இருந்தால் கம்பிக்கு அடியில் டீசலில் ஓடுவது பெயரளவுக்குத்தான்.

சில பாதைகளுக்கு இந்த இன்ஜின் வேண்டாம் என்று சொல்வதும் வழிகாட்டியின் கடமை. கம்பி இல்லாத பகுதி சைடிங்கின் (சரக்கு ஏற்றி இறக்கும் பக்கத் தடத்தின்) சில நூறு மீட்டர்களே என்றால், சில நூறு கிலோவாட் துணை டீசல் பொருத்திய மின்சார இன்ஜின் போதும். பாதையில் பாதிக்கு மேல் கம்பியின்றி, ஏற்றமும் இருந்தால் முழுமையான டீசல் இன்ஜினே இன்னும் சிறந்தது. டீசல் பகுதி சிறிதாக இருப்பதன் குறை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல: தெற்கு இங்கிலாந்தில், மேல்கம்பிக்குப் பதிலாகத் தரையோரம் பதித்த மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் பெறும் பாதைகளுக்காக 1962-இல் வந்த ‘கிளாஸ் 73’ மின்சாரத்தில் 1600 குதிரைத்திறனும் டீசலில் 600 குதிரைத்திறனும் கொண்டிருந்தது, அரை நூற்றாண்டு கழித்து அவற்றில் சிலவற்றுக்கு 1600 குதிரைத்திறன் கொண்ட டீசல் இன்ஜினைப் பொருத்த வேண்டியிருந்தது.

கணக்குகள் எல்லாம் சாதகமாக வந்த பிறகும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு சோதனை ஓட்டம் கேளுங்கள். கோடையின் உலர்ந்த பகலில் அல்ல. இலைகள் உதிரும் ஈரமான மாதத்தில், அதிகாலையில். முழு எடையுள்ள வண்டியைக் கம்பி இல்லாத பகுதியின் மிகக் கடினமான ஏற்றத்தின் அடியில் முழுமையாக நிறுத்தி, டீசலில் புறப்படச் செய்து, உச்சியை அடைய எடுத்த நிமிடங்களையும், பிடிமானத்துக்காகத் தண்டவாளத்தில் தூவி வழியில் செலவான மணலின் அளவையும், உச்சியில் இழுவை மோட்டார்களின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே நாளில் மறுபடியும் ஒருமுறை, மோட்டார்கள் ஆறுவதற்கு முன்பே, அதே இடத்தில் நிறுத்திப் புறப்படச் செய்யுங்கள்.