காதர்பேட்டையில் துணி எடுக்கப் போகிறீர்களா? செக்கிங் டேபிளில் நின்றவள் சொல்கிறேன்

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால், பனியன் கம்பெனிகளின் மிச்சச் சரக்கு விற்கும் கடைகள் நிறைந்த காதர்பேட்டை நடக்கிற தூரம்தான். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எனக்குப் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். "ஏனுங்க அண்ணி, அங்க நூறு ரூபாய்க்கு டி-ஷர்ட் கிடைக்குதாமா? பஸ் ஏறி வந்து எடுத்துட்டுப் போனா கட்டுபடி ஆகுங்களா?" என்று போன வருடம் நாத்தனார் கேட்டாள்.

பனியன் கம்பெனிகளில் 14 வருடம் செக்கிங்கில் இருந்தவள் நான். தைத்து வரும் பீஸை உள்பக்கம் திருப்பி, தையல், கழுத்து, அக்குள், கறை, ஓட்டை என்று பார்த்து, பிழை இருக்கிற இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது என் வேலை. அப்படி ஒதுக்கியவை பிறகு எங்கே போகின்றன என்பதும் தெரியும். அதனால் நாத்தனாருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: கட்டுபடி ஆகும். ஆனால் கையில் இருக்கிற துணி ஏன் விலை இறங்கியது என்பதை நீங்களே கண்டுபிடித்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

விலை இறங்கியதற்கான காரணம்

ஒரு பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு வியாபாரி, 10,000 பீஸ் கேட்டால் கம்பெனி 10,000 மட்டும் வெட்டாது. சாயத்தில், பிரிண்டில், தையலில் சேதாரம் போகும் என்று மூன்றிலிருந்து ஐந்து சதவீதம் கூடுதலாக வெட்டுவார்கள். சேதாரம் குறைந்தால் முந்நூறு, நானூறு நல்ல பீஸ் மீந்துவிடும். இதுதான் அசல் சர்ப்ளஸ். வெளிநாட்டுக் கடையில் தொங்குகிற அதே துணி, அதே தையல்.

ஆர்டர் நின்றுபோவதாலும் நல்ல சரக்கு வெளியே வரும். கப்பலுக்கு அனுப்பும் தேதி தப்பினால் பையர் வேண்டாம் என்பார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் ஏ.க்யூ.எல். (எத்தனை பிழை வரை ஏற்கலாம் என்ற அளவு) கணக்குப்படி லாட்டிலிருந்து கொஞ்சம் பீஸை மட்டும் எடுத்துப் பார்ப்பார். பிழை எண்ணிக்கை தாண்டினால் லாட் முழுவதும் பெயில். பெயிலான லாட்டிலும் பெரும்பாலான பீஸ் குறையில்லாமல்தான் இருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, தைத்ததை அனுப்ப முடியாமல் நிறுத்திவைத்த கம்பெனிகள் எங்கள் ஊரில் உண்டு.

இரண்டாவது வகை செகண்ட்ஸ். நாங்கள் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கியவை. எண்ணெய்க் கறை, சின்ன ஓட்டை, உடம்புத் துணி ஒரு ஷேடும் கைத் துணி இன்னொரு ஷேடுமாக இருப்பது, அளவு கூடிக் குறைந்தது. இதிலும் வாங்கத் தகுந்தவை நிறைய. கை ஷேடு லேசாக மாறியிருந்தால் வீட்டில் போடுவதற்கு என்ன குறை? ஆனால் செகண்ட்ஸை செகண்ட்ஸ் என்று சொல்லி, அதற்கான விலைக்குத் தர வேண்டும்.

மூன்றாவது, லோக்கல் சரக்கு. சர்ப்ளஸ் என்ற பேரில் விற்பதற்கென்றே தைத்தது. லோக்கலிலும் நல்ல தையல்காரர்கள் இருக்கிறார்கள், மட்டமாகச் சொல்லமாட்டேன். பெரிய பிராண்டு லேபிளை வைத்துத் தைத்து, "எக்ஸ்போர்ட்டுங்க அக்கா" என்று சொல்லி விற்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

நாலு வருடத்துக்கு முன் அண்ணன் மகனுக்கு நாலு டி-ஷர்ட் எடுத்தேன். கூட்ட நேரம், கடைக்காரர் அவசரப்படுத்தினார், கவரைப் பிரிக்கவும் விடவில்லை. முதல் சலவையிலேயே நாலிலும் பக்கத் தையல் திருகி வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது. பையன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று இழுத்து இழுத்து நேராக்கப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து கவரைப் பிரிக்க விடாத கடையில் நான் எதுவும் வாங்குவதில்லை.

கிளம்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை

டேப் ஒன்று. வெள்ளைக் கைக்குட்டை ஒன்று, கொஞ்சம் தண்ணீர். யாருக்கு எடுக்கிறீர்களோ அவருக்குச் சரியாகப் பொருந்துகிற பழைய டி-ஷர்ட் ஒன்று. இந்தக் கடைகள் பலவற்றில் போட்டுப் பார்க்க இடம் கிடையாது. பழையதைப் புதியதன் மேல் விரித்துவைத்துப் பார்ப்பதைவிடச் சரியான அளவு எனக்குத் தெரியாது.

குழந்தைகள் இருந்தால் உயரத்தை சென்டிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்குத் தைக்கும் பிள்ளை உடுப்புகளில் 98, 104, 110, 116, 122 என்று இருப்பது உயரம். 104 என்றால் நாலு வயதுப் பிள்ளைக்கு, 116 என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் எண்ணைப் பார்த்துக் குழம்பி, நல்ல பீஸைக் கீழே போட்டுவிட்டுப் போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். பெரியவர்கள் உடுப்பில் எழுத்தை நம்பாதீர்கள். வெளிநாட்டு எம் நம் ஊர் எல்-லுக்குச் சமமாக இருப்பதுண்டு. அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே குறுக்காக டேப் வைத்து அளந்து, இரண்டால் பெருக்கினால் மார்பளவு.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது

முதலில் லேபிள். அசல் சர்ப்ளஸில் கழுத்து லேபிளைப் பாதியாக வெட்டியிருப்பார்கள், அல்லது எடுத்தே விட்டிருப்பார்கள். பிராண்டு பேரில் வெளியே விற்கக் கூடாது என்பதற்காக. லேபிள் வெட்டுப்பட்டிருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள். மாறாக, பளபளவென்று முழு லேபிள், தொங்குகிற அட்டை, அதில் 1,999 ரூபாய் என்று அடித்து 150 ரூபாய் என்று எழுதியிருந்தால் அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

பிறகு உள்பக்கம் திருப்பி இடது பக்கத் தையலில் தேடுங்கள். துவைக்கும் முறை எழுதிய வாஷ்கேர் லேபிள் அங்கேதான் பெரும்பாலும் இருக்கும். எனக்கு அது ஜாதகம் மாதிரி. ஏற்றுமதிச் சரக்கில் பல மொழியில் எழுதியிருக்கும், காட்டன் எத்தனை சதவீதம், பாலியஸ்டர் எத்தனை, எந்த நாட்டில் தைத்தது, ஆர்டர் எண் எல்லாம் இருக்கும். தொட்டிப் படத்துக்குள் 30 என்றால் 30 டிகிரி வரை துவைக்கலாம். முக்கோணத்தில் பெருக்கல் குறி என்றால் பிளீச்சிங் கூடாது. பங்களாதேஷ் என்று எழுதியிருந்தால் அது திருப்பூர்ச் சர்ப்ளஸ் இல்லை, அவ்வளவுதான். துணி நன்றாக இருந்தால் எடுக்கலாம்.

அடுத்து தோள்பட்டை இரண்டையும் பிடித்துத் தொங்கவிடுங்கள். இதை அவசரமாகச் செய்யாதீர்கள், என் அனுபவத்தில் பாதிப் பிழை இங்கேயே தெரிந்துவிடும். பக்கத் தையல் நேராக இறங்குகிறதா? துணியை உற்றுப் பார்த்தால் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் ஓடும், அவை பக்கத் தையலை ஒட்டி இணையாகப் போகின்றனவா? சாய்ந்து போனால் துவைத்ததும் திருகும். வட்ட மெஷினில் ஓட்டும் சிங்கிள் ஜெர்சித் துணிக்கு ஒரு பக்கமாகத் திருகும் குணம் இயல்பிலேயே உண்டு. முறையாகக் காம்பாக்டிங் போட்டு (துணியை நீராவியில் அமுக்கி முன்கூட்டியே சுருக்குவது), வெட்டும் முன் விரித்து ஆறவிட்டால் பெருமளவு அடங்கும். அந்த இரண்டையும் மிச்சம் பிடித்த துணிதான் அண்ணன் மகன் போட்டது.

காம்பாக்டிங் போடாத துணி சுருங்கவும் செய்யும். ஐந்து சதவீதம் என்று கேட்டால் சின்னதாகத் தோன்றும். 28 அங்குல நீளத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். சந்தேகம் இருந்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

கழுத்து ரிப்பை, அதாவது கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டையை, விரித்து விடுங்கள். பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அக்குள், கால் சந்து, தோள் இந்த மூன்று இடத்திலும் தையலைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள், தையல் விட்டிருந்தால் அங்கே வாய் திறக்கும். ஊசி குத்தி நூல் அறுந்த சின்ன ஓட்டைகள் தையல் ஓரமாகத்தான் இருக்கும். செல்போன் லைட்டை உள்ளே விட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். துவைத்தால் அந்த ஓட்டை பெரிதாகும், அதனால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எண்ணெய்க் கறையாவது போகலாம்.

துணியின் கனத்தை நாங்கள் ஜி.எஸ்.எம். என்போம், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். டி-ஷர்ட்டுக்கு 160, 180 நல்லது. 140 கோடைக்கு ஆகும், ஆனால் ஆயுள் குறைவு. கடையில் தராசு தேவையில்லை. ஒற்றைத் துணிக்கு அடியில் கையை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், வெள்ளையைத் தவிர மற்ற நிறத்தில் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் துணி மெலிசு. கிலோ கணக்கில் விற்கும் இடத்தில் எண்ணிப் பாருங்கள். பெரியவர் டி-ஷர்ட் கிலோவுக்கு ஆறு, ஏழு நின்றால் துணியில் சத்து இருக்கிறது.

சாயத்துக்குக் கைக்குட்டை. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, நனைத்த கைக்குட்டையால் உள்மடிப்பில் பத்துத் தடவை தேயுங்கள். சிவப்பு, மெரூன், நேவி, கருப்பு நான்கிலும் இதைச் செய்யாமல் எடுக்காதீர்கள். லேசாக ஒட்டினால் மேலோட்டமான மிச்சச் சாயம். கைக்குட்டை நிறம் மாறினால் வைத்துவிட்டு வாருங்கள், உங்கள் வீட்டு வெள்ளைச் சட்டைகளைக் காப்பாற்றிய மாதிரி.

நூறு சதவீதம் காட்டன் என்று சொல்கிறார்களே என்று சந்தேகமா? ஒரு பீஸ் மட்டும் வாங்கி வந்து வீட்டில் நூலைக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும். தையல் நூலை மட்டும் எடுக்காதீர்கள். காட்டன் உடுப்பையும் பாலியஸ்டர் நூலில்தான் பெரும்பாலும் தைக்கிறோம். துணியின் உள்ளோரத்திலிருந்து இழை உருவ வேண்டும்.

எதை எடுக்கலாம், எதை வேண்டாம்

பிள்ளைகள் உடுப்பு, நைட் பேன்ட், டி-ஷர்ட், லெக்கிங்ஸ் நான்கும் தாராளமாக. பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள், ஐரோப்பியச் சரக்கின் தையலோ தம்பிக்கும் வரும். லோக்கல் குல்லா வைத்த பிள்ளை உடுப்பில் கழுத்துக் கயிறு தொங்கினால் வாங்கியதும் உருவிவிடுங்கள். கழுத்தில் மாட்டும் என்று ஐரோப்பாவில் சின்னப் பிள்ளைகள் குல்லாவில் கயிறு வைக்க விடுவதில்லை.

ஜட்டி போன்றவை வேண்டாம் என்பேன், எலாஸ்டிக்தான் காரணம். எத்தனை வருடம் குடோனில் கிடந்தது என்று தெரியாது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் இழுத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள், மொறுமொறுவென்று சத்தம் வந்தால் ரப்பர் செத்துவிட்டது. பிரிண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் பீஸும் பழையதாக இருக்கலாம்.

பெட்ஷீட், துண்டு, லுங்கி வேண்டுமென்றால் திருப்பூர் எதற்கு? ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் இரவிலிருந்து செவ்வாய் வரை வாரச்சந்தை. அங்கே போங்கள்.

ஆடித் தள்ளுபடி பற்றியும் கேட்கிறார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, கடைகளில் வியாபாரம் மந்தம், பழைய சரக்கைத் தள்ளியாக வேண்டும். அந்தக் காரணம் நியாயமானது. உங்களுக்கு வேண்டிய புடவையின் விலையை ஆனி மாதமே ஒரு முறை பார்த்து எழுதிவையுங்கள், பிறகு தள்ளுபடி எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். "ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம்" என்றால் மொத்தத்தை மூன்றால் வகுத்து, அந்த விலைக்கு ஒன்றை மட்டும் கேட்டால் எடுப்பீர்களா என்று யோசியுங்கள்.

எப்போது போவது? தீபாவளிக்கு முந்தைய வாரம் மட்டும் வேண்டாம், மேலே சொன்ன எதையும் அந்தக் கூட்டத்தில் செய்ய முடியாது. வாரநாள் காலையில் வாருங்கள். இரண்டு உடுப்புக்காகப் பஸ் ஏறினால் பயணக்காசு இலாபத்தைத் தின்றுவிடும். இரண்டு குடும்பம் சேர்ந்து, ஒரு வருடத்துக்கான பட்டியலோடு வந்தால் கட்டும். சில கடைகளில் மொத்தமாகத்தான் கொடுப்பார்கள், சேர்ந்து வந்தால் அங்கேயும் எடுக்கலாம்.

பில் கேட்டு வாங்குங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. செகண்ட்ஸ் என்று சொல்லி, குறையைக் காட்டி, நீங்களும் ஒத்துக்கொண்டு வாங்கியதற்கு இப்படிச் சண்டைக்குப் போவது நியாயமில்லை.

போன வருடம் வந்தபோது நாத்தனார் 3,000 ரூபாய் கொண்டுவந்தாள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, அறுபது பீஸுக்கு மேல் திருப்பிப் பார்த்து, பதினாறு எடுத்தோம். மூன்றில் கழுத்தில் தையல் விட்டிருந்ததை அவளே கண்டுபிடித்து வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் உள்பக்கம் திருப்பி, நிறம் வாரியாகப் பிரித்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசினோம். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று அவள் கல்லுப்பை எடுத்தாள். வேண்டாமென்றேன். உப்பு சாயத்தைப் பிடித்துவைக்காது, மிச்சச் சாயம் தண்ணீரில் போய்த்தான் தீர வேண்டும்.

காய்ந்ததும் அடிமடிப்பைப் பாருங்கள். நூல்முனை ஒன்று தொங்கும். கையால் இழுத்தால், அடிமடிப்பில் போடும் அந்தப் பேட்லாக் (ஃபிளாட்லாக்) தையல் சங்கிலி மாதிரி வரிசையாக உருவிக்கொண்டு வந்துவிடும். ஊசியில் கோத்து இரண்டு தையல் போட்டு முடிச்சிட்டு, மிச்சத்தைக் கத்தரியால் வெட்டுங்கள்.