ஐப்பசி ஈரத்தில் வெளுத்துப்போன குண்டம் ரோபோ

கும்பகோணத்தில் ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு சாயங்காலம். மூன்று வாரமாகக் கோத்து முடித்த ஆர்எக்ஸ்-78-2 குண்டத்துக்கு (Gundam, ஜப்பானிய அனிமே ரோபோவின் பிளாஸ்டிக் மாடல்) மொட்டை மாடியில் மேட் கிளியர் ஸ்ப்ரே (பளபளப்பில்லாத நிறமற்ற மேல்பூச்சு) அடித்தேன். கால் மணி நேரத்தில் நீல மார்புக் கவசம் விபூதி பூசியது போல வெளுத்துவிட்டது. அழுகையே வந்துவிட்டது.

காரணம் காற்றின் ஈரம். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. அதன்மேல் படியும் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. டெல்டாவின் அடைமழைக் காலத்தில் இது சுலபமாக நடக்கும்.

சுரண்டவில்லை. தின்னரும் தொடவில்லை, அது பிளாஸ்டிக்கையே கெடுத்துவிடும். நான்கு நாள் பொறுத்தேன். நல்ல வெயில் அடித்த நாளில், 11 மணிக்கு மேல், கிளாஸ் கிளியர் (பளபளப்பான நிறமற்ற பூச்சு) ஸ்ப்ரே டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் (கொதிநீர் கூடவே கூடாது) சற்று வைத்தெடுத்து, நன்றாகக் குலுக்கி, வெளுத்த இடத்தில் மெல்லிசாக அடித்தேன். வெண்மை கண்ணெதிரே மறைந்தது! மறுநாள் அதே நேரத்தில் மேட், ஒரு அடி தள்ளி நின்று, இரண்டு மெல்லிய கோட்.

கிட் (உதிரி பாகங்களாக வரும் மாடல் பெட்டி) அருமையானது. 1/100 அளவு என்பதால் 18 மீட்டர் ரோபோ மேசைமேல் 18 சென்டிமீட்டர். பசையே வேண்டாம். கவசம் மாட்டும் முன், உள்சட்டகத்தின் முழங்காலை மடக்கிப் பார்ப்பது தனி சந்தோஷம்.

அப்புறம் ஒன்று: ஐப்பசி, கார்த்திகையில் கோப்பது மட்டும்தான். பூச்சு வேலை தை பிறந்த பிறகு.